கிராஸ்மேட்ச் மேசையிலிருந்து ஆராய்ச்சிக்கு: வேலூரும் உறுப்பு மாற்று நோய் எதிர்ப்பியலும்

வேலூரில் ஓர் எச்.எல்.ஏ. ஆய்வகத்தில், அதாவது உறுப்பு மாற்றுக்கு முன் கொடையாளரும் பெறுநரும் பொருந்துகிறார்களா என்று இரத்தத்தைச் சோதிக்கும் இடத்தில், சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இதே துறையில் ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்கும் இளைஞருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "முதலில் நெட் எழுதிப் பாஸ் செய்" என்பதாகவே இருக்கிறது. அறிவுரையில் குற்றமில்லை; வரிசையில்தான் குற்றம். தேர்வு எழுதி, உதவித்தொகை பெற்று, வழிகாட்டி ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் கைவசம் வைத்திருக்கும் தலைப்புகளில் ஒன்றை ஏற்றுக்கொண்டு தொடங்குபவருக்கு, மேசையில் கழிந்த ஆண்டுகள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். இந்தத் துறைக்கோ அப்படிப்பட்ட வரலாறு இல்லை. நாள்தோறும் இரத்தத்தைச் சோதித்தவர்கள், தம் கண்ணில் பட்ட ஒத்துவராத முடிவுகளை ஒதுக்கித் தள்ளாமல் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விகளால் வளர்ந்த துறை இது.

1943-இல் கிளாஸ்கோவில், தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரனின் தோலைச் சிறு துண்டுகளாக ஒட்டிய தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடவாரும், இரண்டாம் முறை ஒட்டிய தோல் முதல் முறையைவிட விரைவாக அழிந்ததைக் கண்டனர். அந்நியத் தோலை உடல் நினைவில் வைத்துக்கொண்டு எதிர்க்கிறது என்ற முடிவுக்கு அதுவே வழி வகுத்தது. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மரே, ஒரே உருவ இரட்டையரில் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இரட்டையர் அல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்பது அப்போதைக்கு விடையில்லாக் கேள்வியாகவே நின்றது. அதற்கான திறவு அறுவை அரங்கிலிருந்து வரவில்லை, இரத்த வங்கிகளிலிருந்தே வந்தது. 1958-இல் பாரீசில் ஜான் தோசே, பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதியில்) பிறருடைய வெள்ளையணுக்களைத் திரளச் செய்யும் ஆன்டிபாடிகள் என்னும் எதிர்ப்புப் புரதங்கள் இருப்பதைக் காட்டினார். அதே ஆண்டில் நெதர்லாந்தின் லைடனில் யோன் வான் ரூடும் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்னும், பிள்ளை பெற்ற பெண்களின் சீரத்தில் அதே வகை ஆன்டிபாடிகளைத் தனித்தனியே கண்டனர். மூவரும் வெள்ளையணு திரள்வதைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்யும் அன்றாட வேலையில் இருந்தவர்கள். எச்.எல்.ஏ. என்று நாம் இன்று அழைக்கும், அணுக்களின் மேல் அமர்ந்து தன்னுடையதையும் அந்நியத்தையும் பிரித்துக் காட்டும் மூலக்கூறுகளின் முழு அமைப்பும் அந்தச் சீரங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான்.

அடுத்த படி இன்னும் நேரடியாக மேசை சார்ந்தது. லாஸ் ஏஞ்சலிசில் பால் டெராசாகி 1964-இல், ஒரு மைக்ரோலிட்டர் சீரத்தை வைத்துக்கொண்டே சோதனையை முடித்துவிடும் முறையை வகுத்தார். சீரம் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில் அந்தச் சிக்கனம்தான் உலக ஆய்வகங்கள் ஒரே சீரத்தைப் பகிர்ந்து ஒப்பிட வழி செய்தது. 1969-இல் அவரும் ரமோன் பட்டேலும் வெளியிட்ட கட்டுரையின் கணக்கு மிக எளிது: கொடையாளரின் அணுக்களுக்கு எதிராகப் பெறுநரின் சீரம் வினை புரிந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது, வினை இல்லாத 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. அன்றிலிருந்து, கிராஸ்மேட்ச் எனப்படும் இந்தப் பொருத்தச் சோதனையைப் பார்க்காமல் சிறுநீரகம் பொருத்துவது மருத்துவ நெறிக்கு மாறானது என்றாயிற்று. அந்தக் கட்டுரைக்குப் புதிய கருவியோ புதிய கோட்பாடோ தேவைப்படவில்லை. பதிவேட்டையும் நோயாளிகளின் பின்விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை மட்டுமே தேவைப்பட்டது.

வேலூருக்கு இத்துறையோடு உள்ள உறவு பழையது. 1984-இல் எம்.ஜி.ஆருக்கு நியூயார்க்கில் அவருடைய அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகம் பொருத்தப்பட்ட செய்தியால்தான் தமிழ்நாட்டில் பலரும் சிறுநீரக மாற்று என்பதையே கேள்விப்பட்டனர். அதற்கு 13 ஆண்டுகள் முன்னதாக, 1971-இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்துவிட்டது. 1986-இல் அதே மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றும் தொடங்கியது. நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வு என்று பார்த்தால் இன்னும் பின்னே போகலாம். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் பார்க்கப்பட்ட நோயே, ஒரே கிருமிக்கு மனித உடல்கள் எத்தனை வேறுபட்ட விதங்களில் எதிர்வினை புரிகின்றன என்பதற்கான பாடப்புத்தக எடுத்துக்காட்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்திருந்தாலும், நோயாளிகளின் பேருந்துகள் இன்றும் வேலூரை நோக்கித்தான் வருகின்றன. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவோர் காட்பாடியில் இறங்குகிறார்கள். ஓர் ஆராய்ச்சியாளருக்கு இந்தக் கூட்டத்தின் பன்மையே பெரும் முதலீடு.

இனி, அந்த மேசையில் நடப்பது என்ன என்று சற்று அருகில் போய்ப் பார்ப்போம். கொடையாளரின் இரத்தத்திலிருந்து லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்களைப் பிரித்து, டெராசாகி தட்டின் சின்னஞ்சிறு குழிகளில் பெறுநரின் சீரத்தோடு சேர்த்து, அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் வைக்கிறார்கள். பின்பு முயலின் காம்ப்ளிமென்ட் புரதங்களைச் சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் அது அணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும்; காம்ப்ளிமென்ட் அந்த அணுவைத் துளைத்துக் கொல்லும்; இறந்த அணு சாயத்தை ஏற்கும். ஒளிரும் சாயம் பயன்படுத்தும் ஆய்வகத்தில் உயிருள்ளவை பச்சையாகவும் இறந்தவை சிவப்பாகவும் தெரியும். குழிக்குக் குழி பார்த்து, இறந்தவை பத்து விழுக்காட்டுக்குள் என்றால் 1, இருபதுக்குள் என்றால் 2, பாதிவரை 4, எண்பது வரை 6, அதற்கு மேல் 8 என்று மதிப்பெண் இடுகிறார்கள். 1-க்கும் 2-க்கும் இடையே, 2-க்கும் 4-க்கும் இடையே நிற்கும் குழிகளில்தான் பார்ப்பவரின் கண்ணும் அனுபவமும் பேசும்.

அந்த மதிப்பெண்ணில் வேலூர் வெயிலுக்கும் பங்கு உண்டு. கத்திரி நாளில் வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து சேரும் இரத்தக் குழாயில் அணுக்கள் சோதனைக்கு முன்பே பாதி செத்திருந்தால், சீரமே சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழியிலும் சிவப்பு தெரியும். அப்படிப்பட்ட தட்டைப் படித்து, இது ஆன்டிபாடியால் இறந்ததா வழியில் இறந்ததா என்று பிரித்துச் சொல்லவும், சொல்ல இயலாதபோது புது மாதிரி கேட்டுத் திருப்பி அனுப்பவும் தெரிந்தவர், ஆராய்ச்சிக்கு வேண்டிய அடிப்படைக் குணங்களில் ஒன்றை ஏற்கெனவே பெற்றுவிட்டார். கட்டுப்பாட்டுக் குழியை நம்பாமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்பதைப் பல்கலைக்கழக வகுப்பறையில் சொல்லித்தர முடியும், பழக்கமாக்க முடியாது.

ஆராய்ச்சிக் கேள்வி எங்கே பிறக்கிறது என்பதைக் காட்ட ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஆற்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருவர் டயாலிசிசில் இருக்கிறார்; இரண்டு பிள்ளைகளின் தாய்; கணவர் சிறுநீரகம் கொடுக்க முன்வருகிறார். காம்ப்ளிமென்ட் முறை கிராஸ்மேட்ச் எதிர்மறை என்று வருகிறது. அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் செய்த கிராஸ்மேட்சில், லிம்ஃபோசைட்டு வகைகளில் டி அணுக்களுக்கு எதிர்மறை, பி அணுக்களுக்கு மட்டும் நேர்மறை. லூமினெக்ஸ் கருவியில், தனித்தனி எச்.எல்.ஏ. மூலக்கூறு பூசிய மணிகளைக் கொண்டு செய்யும் சோதனையில், கணவரின் டிகியூ என்னும் எச்.எல்.ஏ. மூலக்கூறுக்கு எதிரான ஆன்டிபாடி நடுத்தர அளவில் தெரிகிறது. கர்ப்பகாலத்தில் குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற எச்.எல்.ஏ. தாயின் உடலுக்கு அந்நியமாகையால், கணவருக்கு எதிரான ஆன்டிபாடி மனைவியிடம் உருவாகியிருப்பதில் வியப்பில்லை. ஆயினும் மூன்று சோதனைகளும் மூன்று பதில் சொல்கின்றன. மருத்துவருக்கு வேண்டியதோ ஒரே பதில்.

பி அணு மட்டும் நேர்மறையாவதற்குக் காரணங்கள் பல. ஓய்வு நிலையிலுள்ள டி அணுவில் முதல் வகை எச்.எல்.ஏ. மட்டுமே உண்டு, பி அணுவில் இரு வகையும் உண்டு. ஆகவே அது, டிகியூ போன்ற இரண்டாம் வகைக்கு எதிரான ஆன்டிபாடியாக இருக்கலாம். பி அணுவில் முதல் வகையும் கூடுதலாக இருப்பதால், வலுவற்ற முதல் வகை ஆன்டிபாடியாகவும் இருக்கலாம். நோயாளிக்கு முன்பே, பி அணுக்களைக் குறிவைக்கும் ரிடுக்சிமாப் கொடுத்திருந்தால் அந்த மருந்தே பி அணுவில் ஒட்டிக்கொண்டு பொய்யான நேர்மறையைத் தரும். பி அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் சம்பந்தமில்லாத ஆன்டிபாடிகளும் அமரும். புரோனேஸ் நொதியால் அவற்றைக் களைந்துவிட்டுப் பார்க்கலாம் என்றால், அந்த நொதி மறைந்திருந்த வேறு பகுதிகளை வெளிப்படுத்திப் புதிய பொய்யை உண்டாக்குவதும் உண்டு. ஐந்து ஆண்டுகள் மேசையில் இருந்தவருக்கு இவை எல்லாம் விரல் நுனியில் இருக்கும். மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லவும் தெரியும். ஆனால் "இப்படிப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பின்னாளில் நிராகரிப்பு வந்தது, எந்தச் சோதனையின் பதில் அதை முன்கூட்டிக் காட்டியது" என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் சேவை ஆய்வகத்தில் இயல்பாக அமைவதில்லை. அந்தத் திரும்பிப் பார்த்தலில் ஆராய்ச்சி தொடங்குகிறது.

மணிச் சோதனையின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒளிர்வு அளவாக ஓர் எண் வருவதால் அது ஆன்டிபாடியின் அளவு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அளவன்று. ஆன்டிபாடி மிக அதிகமாக உள்ள சீரத்தில், காம்ப்ளிமென்ட் துண்டுகள் மணியின் மேல் படிந்து கண்டறியும் வினைப்பொருளை மறைத்துவிட, எண் தாழ்ந்து காட்டும். அதே சீரத்தை நீர்க்கச் செய்தாலோ இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தாலோ எண் ஏறும். உற்பத்தியின்போது மணியின் மேல் சிதைந்துபோன மூலக்கூறுக்கு ஒட்டும் ஆன்டிபாடி, உயிருள்ள அணுவில் ஒட்டாமலே போகும். இவற்றைவிட நமக்கு முக்கியமான குறை வேறொன்று. பட்டியலிடப்பட்ட எச்.எல்.ஏ. வடிவங்கள் இன்று நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன; ஒரு பெட்டியில் அடங்கும் மணிகளோ நூறு அளவில்தான். அந்த நூற்றை உற்பத்தியாளர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் மேற்கத்திய மக்களிடம் மிகுதியாகக் காணப்படும் வடிவங்களிலிருந்து. இந்தியாவில் அடிக்கடி காணப்படும் ஏ*02:11, பி*40:06 போன்ற வடிவங்களைச் சுமக்கும் கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடியை, அவற்றுக்கு நெருங்கிய வேறொரு மணியை வைத்து ஊகிக்கும் நிலை அடிக்கடி வரும். அந்த ஊகம் எத்தனை முறை சரி, எத்தனை முறை தவறு என்று நம் சீரங்களைக் கொண்டு அளந்து சொல்வது ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதுமான வேலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ராமசாமி பிச்சப்பன், தமிழ்நாட்டு மக்களின் எச்.எல்.ஏ. வடிவங்களையும் காசநோயோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் பல்லாண்டு ஆராய்ந்து போட்ட அடித்தளம் இதற்கு முன்னோடியாக இருக்கிறது. தில்லி எய்ம்சில் நரேந்தர் மெஹ்ராவின் துறை வடஇந்திய மக்களுக்கு அதையே செய்தது.

வேலூரில் இருப்பவருக்கு மட்டும் எளிதில் வாய்க்கும் கேள்வி ஒன்று உண்டு. என் கணிப்பில் இதுவே மிக வளமானது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடக்கின்றன. அக்காள் மகளைக் கட்டுவதும், அத்தை மகனுக்கோ மாமன் மகளுக்கோ முடிப்பதும் நம் பக்கத்தில் சாதாரணம். எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருப்பதால், தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாகப் பெரும்பாலும் பிரியாமலே பிள்ளைக்கு வருகின்றன. உறவில்லாத பெற்றோருக்குப் பிறந்த உடன்பிறப்புகள் இருவர் முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் பிள்ளைக்குப் பாதிதான் பொருந்துவர். இப்போது ஒரு தாய்மாமன் தன் அக்காள் மகளை மணந்திருக்கிறார் என்றும், இருவருக்கும் ஒரு தொகுதி பொதுவாக இருக்கிறது என்றும் கொள்வோம். அவருடையது அ, ஆ. அவளுடையது அ, இ. பிள்ளைகள் அ-அ, அ-இ, அ-ஆ, ஆ-இ என்று நான்கு விதமாகப் பிறக்கலாம். அ-ஆ பிள்ளைக்குத் தந்தையே முழுப் பொருத்தம். அ-இ பிள்ளைக்குத் தாயே முழுப் பொருத்தம். உடன்பிறப்பு இல்லை என்று கைவிடப்படும் குடும்பத்தில் பெற்றோரையும் அத்தை மாமன் பிள்ளைகளையும் வகைப்படுத்திப் பார்ப்பது இங்கே வீண் வேலை ஆகாது.

அந்த அ-அ பிள்ளை இன்னும் கவனிக்கத்தக்கது. அவருடைய சிறுநீரகத்தை அ-ஆ வகையினரான தந்தைக்குப் பொருத்தினால், தந்தையின் உடலுக்கு அதில் அந்நியமானது எதுவும் இல்லை. அதே பிள்ளையின் எலும்பு மஜ்ஜையைத் தந்தைக்குக் கொடுத்தால் கதை தலைகீழாகும்: கொடையாளரின் அணுக்கள் பெறுநரின் ஆ தொகுதியை அந்நியமாகக் கண்டு தாக்கும். உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றுவதில் இருக்கும் அரிய, ஆனால் உயிர்க்கொல்லியான ஆபத்தும் இதே திசையில் வருவதுதான். பொருத்தம் என்பதற்குத் திசை உண்டு என்பதை இக்குடும்பங்கள் காட்டுவதுபோல் வேறெவரும் காட்ட மாட்டார்கள். இன்னொரு கேள்வியும் இங்கே எழுகிறது. கணவன் மனைவிக்குள் ஒரு தொகுதி பொதுவாக இருந்தால், அந்தத் தொகுதியைப் பெற்ற குழந்தையைச் சுமந்த தாய்க்குக் கணவனின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகும் வாய்ப்பு குறைய வேண்டும் அல்லவா? உறவுக்குள் மணந்த மனைவியர், வெளியில் மணந்த மனைவியர் என்று இரு பிரிவாகச் சீரங்களை வைத்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இதற்கு வேண்டியது பெரிய கருவி அல்ல. குடும்ப விவரத்தை முறையாகக் கேட்டு எழுதிய பதிவேடு. சட்டத்தின் பக்கத்தையும் மறக்கக் கூடாது: 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் நெருங்கிய உறவினர் பட்டியலில் அத்தை மகனோ மாமன் மகளோ இல்லை, எச்.எல்.ஏ. எவ்வளவு பொருந்தினாலும் அவர்கள் அங்கீகாரக் குழுவின் அனுமதி பெற்றே சிறுநீரகம் கொடுக்க முடியும்.

சிறுநீரகமும் மஜ்ஜையும் ஒரே மருத்துவ நிறுவனத்தில் மாற்றப்படுவது இன்னொரு வாய்ப்பைத் தருகிறது. பாதி மட்டும் பொருந்திய உறவினரின் மஜ்ஜையை, மாற்றுக்குப் பின் சைக்ளோபாஸ்ஃபமைடு மருந்து கொடுத்து ஏற்கச் செய்யும் முறை பரவிய பின்பு, கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி என்ற சிறுநீரகக்காரர்களின் பழைய கவலை மஜ்ஜைத் துறைக்கும் வந்துவிட்டது. அந்த ஆன்டிபாடி வலுவாக இருந்தால் மஜ்ஜை பற்றாமலே போகலாம். எதிர்த் திசையில், 2008-இல் பாஸ்டனில் தட்சுவோ கவாயும் அவருடைய குழுவினரும் சிறுநீரகத்தோடு அதே கொடையாளரின் மஜ்ஜையையும் ஐந்து பேருக்குக் கொடுத்து, நால்வருக்கு எதிர்ப்பு அடக்கும் மருந்துகளை முற்றிலும் நிறுத்த முடிந்ததைக் காட்டினர். அகமதாபாத்தில் எச்.எல். திரிவேதி ஸ்டெம் செல்களைக் கொண்டு அதே இலக்கை நோக்கிப் பல ஆண்டுகள் உழைத்தார். 1953-இல் மெடவாரும் அவருடைய தோழர்களும் எலியில் காட்டிய, அந்நியத் திசுவை உடல் எதிர்ப்பின்றி ஏற்கும் நிலை, மனிதரில் இன்றும் விதிவிலக்காகவே இருக்கிறது. அந்நிலையைக் காக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைக் கண்டறிந்ததற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்ததும், மாணவர்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கவர்ச்சியான பகுதிதான்; ஆனால் விலையுயர்ந்த அணு வரிசைப்படுத்தும் கருவிகளும் நீண்டகாலப் பின்தொடர்தலும் இல்லாமல் இதில் இறங்குவது வீண் செலவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டுத் தொற்றுநோய்கள் தனிக் களம். மாற்றுக்குப் பின் காசநோய் வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால், அம்மருந்து கல்லீரலின் நொதிகளைத் தூண்டி உறுப்பு எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைச் சரிக்கும்; நோயும் போகாமல் சிறுநீரகமும் தங்காமல் போகும் சிக்கல் அங்கே உருவாகும். எப்ஸ்டீன்-பார் வைரசை எதிர்க்க உருவான சில டி அணுக்கள் பி*44:02 போன்ற அந்நிய எச்.எல்.ஏ.வையும் தாக்குவது ஆய்வகத்தில் நிறுவப்பட்ட செய்தி. சிறு வயதிலிருந்தே பல தொற்றுகளைக் கண்ட உடல் புதிய உறுப்பை எப்படி நடத்தும் என்பது இதிலிருந்து கிளைக்கும் கேள்வி.

கேள்வி ஒன்று கைவசம் ஆன பிறகு தேர்வுகளுக்கு வரலாம். பி.எஸ்சி. மருத்துவ ஆய்வக நுட்பம் மட்டும் படித்தவர் பெரும்பாலும் முதலில் முதுநிலைப் பட்டத்தை முடித்தாக வேண்டும். அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தேர்வு, ஐ.சி.எம்.ஆர். தேர்வு, கேட் என்று வழிகள் உண்டு. நெட் உயிர் அறிவியல் பாடத்திட்டம் 13 அலகுகள் கொண்டது. நோய் எதிர்ப்பியல் அதில் ஓர் அலகின் ஒரு பகுதி. தாவர உடலியங்கியலும் சூழலியலும் பரிணாமமும் அதைவிட அதிக இடத்தைப் பிடிக்கின்றன. ஆயிரம் கிராஸ்மேட்ச் படித்தவர் ஒளிச்சேர்க்கையில் தோற்கலாம் என்பதே இத்தேர்வின் வேடிக்கை. ஆகவே வேலையை விடாமல், ஓராண்டுக்கு முன்பே, தனக்குப் பழக்கமில்லாத அலகுகளிலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது.

பணக் கணக்கையும் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். 2023 முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், மூத்த நிலையில் 42,000 ரூபாய்; வீட்டு வாடகைப் படி தனி. தனியார் ஆய்வகத்தில் தொடக்கநிலைச் சம்பளம் வாங்குபவருக்கு இது உயர்வு. மருத்துவமனையில் பணிநிரந்தரம் பெற்றவருக்கு இழப்பு. உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வும் உண்டு. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ உள்ள வீட்டில் மூத்த மகளின் சம்பளத்தை நம்பித் தம்பியின் படிப்பு நடக்கும்போது, "இன்னும் எத்தனை வருஷம்மா படிக்கப் போற?" என்று அம்மா கேட்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அத்தகையவர்களுக்கு 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள் பகுதிநேர முனைவர் பட்ட வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. வேலை தரும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆராய்ச்சிக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர்கள் பின்னர் ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சியாளர்களாகிவிடுகிறார்கள்.

ஆய்வகத்தின் உறைபெட்டியில் பல ஆண்டுச் சீரங்கள் இருக்கின்றன என்பதற்காக அவற்றைத் தன்னுடையவை என்று ஆராய்ச்சியாளர் நினைக்கலாகாது. சிகிச்சைக்காக எடுத்த மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சில ஆய்வுகளில் நோயாளியின் ஒப்புதலைப் புதிதாகப் பெற வேண்டும், சிலவற்றில் குழுவே விலக்கு அளிக்கும். 2017-இல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட நெறிமுறைகளைப் படிக்காமல் முன்மொழிவு எழுதத் தொடங்குவது நேரத்தை விரயமாக்கும். சீரம் எத்தனை முறை உறைந்து உருகியது என்ற குறிப்பு இல்லாத உறைபெட்டி, பார்வைக்குப் பெரிய புதையலாகத் தோன்றினாலும், பயன்பாட்டில் பாதிக்குப் பாதி கழிந்துவிடும்.

மேசைப் பணியாளரிடம் பொதுவாக இல்லாத திறன் புள்ளியியல். சிறுநீரகம் எத்தனை காலம் வேலை செய்தது என்பதை ஒப்பிடக் கப்லான்-மையர் வளைவு வேண்டும். இடையில் தொடர்பு விட்டுப்போன நோயாளியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று தெரிய வேண்டும். தொலைவூர் நோயாளிகள் மிகுந்த வேலூரில் இது பெரிய பிரச்சினை: ஊர் திரும்பியவர் நலமாக இருப்பதால் வரவில்லையா, சிறுநீரகம் போனதால் வரவில்லையா என்று பதிவேடு சொல்லாது. ஆர் என்னும் புள்ளியியல் கணினி மொழியில் சொந்தமாகக் கணக்கிடக் கற்றவர், முடிவுகளுக்காகப் பிறர் கையை எதிர்பார்த்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. எச்.எல்.ஏ. வகைப்படுத்தல் புதிய தலைமுறை டி.என்.ஏ. வரிசையாக்கத்துக்கு மாறிவிட்டதால், கோப்புகளைக் கையாளும் பயிற்சியும் இனி தவிர்க்க முடியாதது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைவிட, அவருடைய நோயாளிகளின் பின்தொடர்தல் எவ்வளவு முழுமையானது என்பதைப் பார்ப்பது நல்லது. மருத்துவர் ஒருவரும் அடிப்படை அறிவியலாளர் ஒருவரும் இணைந்து வழிகாட்டும் ஏற்பாடு இத்துறைக்கு மிகப் பொருந்தும்; மருத்துவமனை, பாகாயத்திலுள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையம், வி.ஐ.டி. ஆகியவை ஒரே நகரச் சுற்றில் இருப்பதால் அது வேலூரில் இயலாததன்று. வெளிநாடு என்றால் லைடன் இன்றும் இத்துறையின் முக்கியமான மையங்களில் ஒன்று. பட்டத்துக்குப் பின் இந்தியா திரும்ப நினைப்பவருக்கு, 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் நிதியுதவித் திட்டங்கள் உண்டு.

பட்டம் முடித்தவருக்குப் பேராசிரியர் பதவி ஒன்றே வாழ்வு என்றில்லை. 2023-இல் மட்டும் இந்தியாவில் 18,000-க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றுகள் நடந்திருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஓர் எச்.எல்.ஏ. ஆய்வகம் இருக்கிறது. இன்று பல நகரங்களில் இவ்வாய்வகங்கள் இயந்திரம் வாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. முரண்பட்ட முடிவைப் பார்த்து விளக்கி மருத்துவரோடு வாதாடக்கூடிய தலைமை பல இடங்களில் இல்லை. அமெரிக்கத் திசுப்பொருத்தச் சங்கத்தின் தர அங்கீகாரம் பெற விரும்பும் ஆய்வகத்துக்கு இயக்குநராக இருப்பவருக்கு முனைவர் பட்டமோ மருத்துவப் பட்டமோ கட்டாயம். அதோடு இத்துறையின் ஆய்வகத்தில் நேரடியாகப் பெற்ற பயிற்சியும் கட்டாயம். நேரே முனைவர் பட்டத்துக்குப் போனவர்கள் அந்தப் பயிற்சியைப் பின்னால் தேடிப் பெற வேண்டியிருக்கிறது. தட்டைப் படித்துவிட்டுப் போனவர் அந்த வேலைக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறார். செய்த சோதனைகளின் வகையையும் எண்ணிக்கையையும் மேலாளர் கையொப்பத்தோடு அவ்வப்போது பதிந்து வைத்திருப்பது நல்லது.